தானா அடுக்கிக்குதாம்!

என்னடா தம்பி, நல்லா இருக்கியா? உடம்பு எப்படி இருக்கு? நேரத்துக்குச் சாப்பிடுறியா? பெத்தவன்ங்கிற முறைக்குக் கேட்டாச்சு. இனிமே நான் பேசுறதை நீ கேளு.

எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். போன்ல பேசினா அதுவே எழுத்தாக்கிடும்னு உன் பொண்டாட்டிதான் சொல்லிக்கொடுத்தா. இருமினா மட்டும் கன்னாபின்னான்னு எழுதுது, அதை விட்டுட்டுப் படி. கூப்பிட்டே பேசலாம்தான். நீ நடுவுல புகுந்து, "அப்பா, உங்களுக்குப் புரியாது"ன்னு வாயை அடைச்சிடுவ. இதுல அடைக்க முடியாது பாரு.

இங்க மாடிவீட்டுக்காரன் தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு வெளியே போயிட்டான். படியெல்லாம் அருவி. என் செருப்பு ஒண்ணு மிதந்து தெரு வரைக்கும் போயிடுச்சு. கேக்கப் போனா, அவன் சாவகாசமா, "மோட்டார் தானா ஓடிடுச்சுங்க"ங்கிறான். செருப்பை விடு. இந்த "தானா"வைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏன்னு உனக்குத் தெரியும்.

முந்தாநாள் போன்ல நான் கேட்டப்போ நீ என்ன சொன்ன? "அதுங்க தானா அடுக்கிக்குதுப்பா, இதுல அவ வேலை என் வேலைன்னு என்ன இருக்கு"ன்னு சொன்ன. தானாவாடா அடுக்கிக்குது?

நான் லாரியில செங்கல் ஏத்தினவன். ஒரு செங்கல்கூட இதுவரைக்கும் தானா ஏறி உக்காந்து நான் பாத்ததில்ல. அதான் உன் பொண்டாட்டிகிட்டயே கேட்டேன், எப்படிம்மா தானா அடுக்கிக்கும்னு. அவ தோசைக்கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே சொன்னா. கண்ணுக்குத் தெரியாத துகளாம். கரியில இருக்கிற சமாச்சாரத்துல செஞ்சது. நடுவுல தட்டையான உடம்பு, ரெண்டு பக்கமும் வால். வால் நீளமானா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்குது. குட்டையானா கரையாம அடியில கட்டி தட்டுது. வால் கிளை பிரியிற இடத்தை உடம்பை விட்டு ஒரு கணு தள்ளி வச்சாளாம். அப்புறம்தான் வரிசையா ஒட்டி நின்னுச்சாம், கரண்டும் பாஞ்சுச்சாம். துணி மாதிரி மடிக்கிற டிவிக்கு ஆகும், நெஞ்சுல ஒட்டி இதயத் துடிப்பு பாக்கிற பட்டைக்கு ஆகும்னா. அந்தக் கணுவைக் கண்டுபிடிக்க எத்தனை வருஷம் போச்சு, எத்தனை தடவை தோத்துட்டு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதா, உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். சுவர் அப்படி மெலிசு.

சாப்பாட்டு டப்பா கொடுக்க அவ ஆராய்ச்சி பண்ற காலேஜ் லேபுக்குப் போனேன் ஒரு நாள். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையை விட்டு, தபால்தலை அளவு கண்ணாடியில சொட்டு விட்டுக்கிட்டிருந்தா. அப்புறம் வெளியே எடுத்து மூடி போட்டு மூடினா. ஈரம் மெல்ல மெல்லப் போகணுமாம். நான் கதவைச் சாத்தின சத்தத்துக்கே, "மாமா, மெதுவா"ன்னா. பச்சப்புள்ள தூங்குற வீடு மாதிரி இருந்துச்சுடா அந்த இடம்.

நீயும் அங்கதானே வேலை பாத்த? பொறுமை இல்லாம அந்தச் சொட்டை அடுப்புப் பலகையில சூடு வச்சுக் காயவச்ச. வெயில்ல காஞ்ச குளம் மாதிரி வெடிச்சுது. "இது ஒண்ணுத்துக்கும் உதவாத சரக்கு"ன்னு சொல்லிட்டு, சம்பளம் பெருசுன்னு கடல் தாண்டிப் போயிட்ட. போனது தப்புன்னு நான் சொல்லல.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அவளைப் போன்ல கூப்பிட்ட. வாய் நிறையச் செல்லம். வால் எங்க பிரியுது, மூடியை எவ்வளவு திறக்கணும், எந்தத் திரவத்துல கரைக்கணும்னு ஒண்ணு விடாம கேட்ட. அவ முகத்தைப் பாக்கணுமே! புருஷன் இப்பத்தான் தன் வேலையைப் பத்திக் கேக்குறான்னு வெங்காயத்தை அப்படியே போட்டுட்டு, சிரிச்சுச் சிரிச்சு எல்லாத்தையும் கொட்டினா. நானும் பக்கத்துல உக்காந்து, பரவாயில்ல, புள்ளைக்குப் புத்தி வந்துடுச்சுன்னு பூரிச்சேன். திருட வந்தவனுக்கு ரெண்டு பேருமா சேந்து விளக்குப் புடிச்சிருக்கோம்.

அவளோட பேராசிரியரம்மா உங்க கம்பெனி அறிவிப்பைக் காட்டினாங்களாம். உன் படம், உன் சிரிப்பு, அவளோட சரக்கு. வீட்டுக்கு வந்து கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினா. நான் கத்தினதுக்கு, "விடுங்க மாமா, வீட்டுக்குள்ளதானே"ன்னா. எந்த வீடுடா அது?

பேராசிரியரம்மா இங்கேயே வந்து சொல்லிட்டுப் போனாங்க. வர்ற வாரம் உன் பேர்ல பேடண்ட், அதான் கண்டுபிடிச்சவனுக்குக் கொடுக்கிற உரிமை, பதிவாகப் போகுது. ஆயிட்டா அவ படிப்பு, பட்டம் எல்லாம் காத்துல போச்சு. இது அவளோடதுன்னு நீ உன் கம்பெனியில வாயைத் திறந்து சொன்னா நின்னுடும். அவ உன்கிட்ட கேக்க மாட்டா. புருஷனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுமாம். நீ பண்ணின காரியத்துக்குப் பேரு என்னடா அப்போ?

அதனால நான் கேக்குறேன். உன் வேலை போனா போகட்டும். திரும்பி வா, சோறு இருக்கு. சாபம் விட எனக்கு வாய் வரல. நல்லா இரு, நூறு வயசு இரு. அவ பேரை மட்டும் சொல்லிடு சாமி. நீ சொல்லலைன்னா, நாளைக்கு எவனாவது என்கிட்ட வந்து உங்க புள்ள எங்க இருக்கான்னு கேட்டா, நான் என்னன்னு

இந்தா வரேம்மா... யார்கிட்ட பேசுறேனா? யாருமில்லம்மா, சும்மா