வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?

மார்ச் 4, செவ்வாய்

இன்று குடும்பநலப் பிரிவில் முப்பத்தொரு பெண்கள். தொண்டை கட்டிவிட்டது. மாத்திரை, மூன்று மாத ஊசி, கைத்தோலுக்கு அடியில் வைக்கும் குச்சி, காப்பர் டி – எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எது எப்படி வேலை செய்யும் என்று சொல்லிச் சொல்லி வாய்க்கே மனப்பாடம். முடிவில் எல்லோரிடமும் ஒரு கேள்வி: "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" காசநோய் மருந்தோ சில வலிப்பு மருந்துகளோ சாப்பிட்டால் கர்ப்பத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. சிலருக்குக் கோபம் வரும். வரட்டுமே, நான் விடுகிற ஆளா?

சாயங்காலம் தங்கை வந்தாள். வழக்கம்போல மூன்று மாத்திரை அட்டையைப் பையில் திணித்து அனுப்பினேன். இதய வால்வு சுருங்கியவள், கர்ப்பமே கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லி மூன்று வருடம். ஊசி என்றாலே நடுங்குவாள். அதனால் அவளுக்கு ஒற்றை ஹார்மோன் மாத்திரை, தினமும் காலை ஏழு மணிக்கு.

"அக்கா, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுது."

"தண்ணி குடிடி, கழுதை!"

சிரித்துக்கொண்டே போனாள்.

ஏப்ரல் 21, திங்கள்

தங்கைக்கு நான்கு நாளாக வாந்தியாம். சோதித்தேன். இரண்டு கோடு.

"எத்தனை நாள் மறந்தே? உண்மையச் சொல்லு!" மாப்பிள்ளை முன்னாலேயே கத்திவிட்டேன். காலி அட்டைகளை எடுத்து வந்து காட்டினாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று அழுதாள். நான் நம்பவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெரிய டாக்டர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ரெண்டரை மாசமா டிபி மாத்திரை. அக்காகிட்ட சொன்னா வைவா, ஊரையே கூட்டுவான்னு சொல்லல."

டாக்டர் என்னைப் பார்க்காமல் சீட்டில் எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

ஆரஞ்சு கலர்! அந்த மருந்தோட முதல் அடையாளமே அதுதானே. எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், பயப்படாதீங்க, மருந்தோட நிறம்தான்னு. என் தங்கச்சிய மட்டும் கேட்கல. அவளைப் பத்தி எல்லாமே எனக்குத் தெரியும்னு திமிரு. ஊசி போட்டிருந்தா இந்த மருந்து அதைத் தொட்டிருக்காது. ஐயோ.

ஏப்ரல் 25, வெள்ளி

கருவை வைத்துக்கொண்டால் அவள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் அவள் சொன்னது: "கூடாதுன்னு தெரியும்க்கா. ஆனா நாலு நாளா வயித்துல கை வச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன்."

ஏப்ரல் 29, செவ்வாய்

முடிந்தது. பிழைத்துக்கொண்டாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் ஆற்றிய பாலை மாப்பிள்ளை கையால்தான் குடித்தாள்.

மே 18, ஞாயிறு

போனை எடுக்கவில்லை. இன்றும்.

ஜூன் 16, திங்கள்

பத்தரை மணிக்கு வந்தாள். டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தாள். அவள் முறை வந்தபோது என் மேசைக்கு எதிர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம், புதிதாக வந்திருக்கும் நர்ஸிடம் போய்விட்டாள்.

அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள்: "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

தங்கை ஒளிக்காமல் எல்லாம் சொன்னாள். வால்வு, காசநோய், இன்னும் எத்தனை மாதம் மருந்து, ஏப்ரலில் நடந்தது. ஊசியே போடுங்கள் என்றாள். குரல் நடுங்கவில்லை.

கேட்டிருந்தால் என்னிடமும் சொல்லியிருப்பாள்.