ஜோடியாக வந்த குதிகால் மெத்தைகள் குறித்து

அனுப்புநர்:
கோ. யக்ஞநாராயணன்,
ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர்,
சேலையூர், சென்னை-73.

பெறுநர்:
சுங்க மேலதிகாரி அவர்கள்,
அயல்நாட்டுப் பார்சல் பிரிவு,
சென்னை.

பொருள்: குதிகால் வலிக்கான மெத்தைகளைக் காலணி உறுப்புகள் என வகைப்படுத்தியதை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அமெரிக்காவிலிருக்கும் என் மகன் ஸ்ரீரங்கன் எனக்கு ஒரு பார்சல் அனுப்பினான். உள்ளே இருப்பவை ரப்பர் போன்ற இரண்டு குதிகால் மெத்தைகள். செருப்பில் வைத்து நடப்பதற்கானவை. தங்கள் அலுவலகம் அவற்றைக் காலணி உறுப்புகள் என்று முடிவுசெய்து, இறக்குமதி உரிமம் கேட்டு நிறுத்திவைத்திருக்கிறது. நான் காலணி வியாபாரி அல்லன்.

2. மருத்துவரின் சீட்டுடன் நேரில் வந்தேன். மதிப்பீட்டாளர் அரிகிருஷ்ணன் அவர்கள் பொறுமையாக விளக்கினார். "சார், எலும்பு வைத்தியச் சாமான்னா தனியா ஒண்ணு வரணும், எந்தக் காலுக்கும் பொருந்தணும். ஜோடியா வந்தா அது செருப்புச் சாமான். ரூல் அப்படி."

இவ்விதியை நான் ஆட்சேபிக்கவில்லை. என் மனைவி சாவித்ரி உயிரோடு, ஜோடியாக இருந்தவரை எனக்கும் குதிகால் வலி கிடையாது.

3. என் வீட்டில் தொலைபேசி இல்லை. விண்ணப்பித்து வரிசையில் இருக்கிறேன். அது வேறு இலாகா, வேறு மனு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மகன் கேம்ப் ரோடு துரைராஜின் தொலைபேசி பூத்துக்கு அழைப்பான். என் வலியோ காலையில்தான் அதிகம். முன்னதாகவே கிளம்புகிறேன். வழியில் உட்கார வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் வலி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஆட்டோக்காரர்கள் இவ்வளவு குறைந்த தூரத்துக்கு வருவதில்லை.

சில வாரங்களாக நான் போய்ச் சேர்வதற்குள் அழைப்பு முடிந்துவிடுகிறது. "இப்பதான் வச்சாரு சார். அப்பா வந்துகினே கீறாருன்னு சொன்னேன், இன்னா பண்றது" என்கிறார் துரைராஜ். வாரத்தில் என்னிடம் அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

4. மெத்தைகளை ஒவ்வொன்றாக அனுப்பும்படி மகனுக்குச் சொல்லலாம் என்று தங்கள் அலுவலகத்தில் யோசனை கூறினார்கள். நல்ல யோசனை. கடிதமும் எழுதினேன். கடிதங்களுக்கு அவன் தொலைபேசியில்தான் பதில் சொல்வான்.

5. எனவே நான் வேண்டுவது இது. எனக்கு வலி வலது குதிகாலில் மட்டும். மெத்தைகளோ எந்தக் காலுக்கும் பொருந்துபவை. இரண்டையும் பிரித்து, ஒன்றை எலும்பு வைத்தியச் சாதனமாக எனக்கு அனுப்பிவைக்கலாம். மற்றதைக் காலணி உறுப்பாகவே இலாகா வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. தனியாக இருப்பதால் அதுவும் வைத்தியச் சாதனமாகிவிட்டால், அதை என்ன செய்வதென்று தாங்களே தீர்மானிக்க வேண்டுகிறேன்.

6. விரைவாக முடிவெடுக்கக் கோருவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஞாயிறும் நான் கிடைக்காததால், இனி மாதம் ஒருமுறை அழைப்பதாக மகன் துரைராஜிடம் சொல்லிவிட்டானாம். எந்த ஞாயிறு என்று துரைராஜ் கேட்கவில்லை. ஆகையால் எல்லா ஞாயிறும் போக வேண்டியிருக்கிறது.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
கோ. யக்ஞநாராயணன்

இடம்: சேலையூர்
நாள்: 12-9-1991

இணைப்பு: மருத்துவர் சீட்டு, ஒன்று.