முதல் விருப்பம்

ஆகஸ்ட் 8, செவ்வாய்
இன்று மகள் ரிஹாமின் கல்லூரி விண்ணப்பத்தை நானே கணினியில் ஏற்றினேன். அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். நான் விடவில்லை. "இருபத்தாறு வருஷமா மின்சார அலுவலகத்துல மீட்டர் எண் ஏத்துறவன்டி நான். நம்ம ஊரு தமன்ஹூர் முழுக்க என் விரல்லதான் வெளிச்சம் எரியுது. நீ ரகசிய எண்ணை மட்டும் வாசி" என்றேன். வாசித்தாள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண்; விருப்ப வரிசைப்படி தட்டினேன். முதல் விருப்பம், நம் ஊர் மருந்தியல். பிறகு மற்றவை. பத்தே நிமிடத்தில் முடித்து, அச்செடுத்துப் பையில் வைத்தேன்.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். "அப்புறம் பேசலாம்" என்றேன்.

ஆகஸ்ட் 9
என் அக்கா மாம்பழக் கூடையோடு வந்து, வாசலிலேயே "எங்க டாக்டரம்மா எங்கே?" என்று குலவையிட்டாள். மருந்தியல் படித்தாலும் இங்கே டாக்டர்தான். ரிஹாம் சிரிக்கவில்லை. வெட்கம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 12
மோசம் போனேன்.

அலுவலகத்தில் பெருமையாக அந்தத் தாளை ஷஹாத்தாவிடம் நீட்டினேன். பக்கத்து மேசைக்காரன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான். "ஏன் உஸ்தாத் ஃபிக்ரி, பொண்ணை அஸ்வானுக்கா அனுப்புறீங்க? அதுவும் மாட்டு வைத்தியத்துக்கு?"

"உளறாதே" என்றேன். தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். முதல் வரி. அஸ்வான், கால்நடை மருத்துவம். நான்கும் ஏழும் இடம் மாறியிருக்கின்றன. இதே தப்புக்காகத்தான் போன மாதம் அலுவலகத்தில் ஒரு பையனைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

அஸ்வானுக்கு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும். அவள் மதிப்பெண்ணுக்கு அந்த இடம் கட்டாயம் கிடைக்கும். முதலில் இருப்பது கிடைத்துவிட்டால் அடுத்ததைப் பார்க்கவே மாட்டார்கள்.

திருத்த நேற்று மாலை ஏழு மணி வரை நேரம் இருந்தது. நேற்று! நேற்று நான் காப்பிக்கடையில் தாயம் உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 13
வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14
இன்றும் சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதை. என் மனைவி இன்ஷிராஹ் கேட்டாள்: "ரிஹாம் அப்பா, ஏன் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க? சர்க்கரை ஏறிடுச்சா?" ஆமாம் என்றேன். உடனே என் மாம்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 15
வயிற்றுவலி என்று விடுப்பு சொல்லிவிட்டுக் கெய்ரோ போனேன். சேர்க்கை அலுவலகத்தில் மூன்று மணி நேரம் வரிசை. சன்னலுக்குப் பின்னால் என் வயதுக்காரர் ஒருவர்.

"நேரம் முடிஞ்சுபோச்சு ஹாஜி."

"ஒரே ஒரு எண் சார். கை தவறிடுச்சு. இப்ப என்ன இருக்குன்னாவது பார்த்துச் சொல்லுங்க."

"ரகசிய எண் இருக்கா?"

அது ரிஹாமின் பணப்பையில் இருக்கிறது. கேட்டால் ஏன் என்பாள். இல்லை என்றேன்.

"அப்ப பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம். மாத்த முடியாது. கணினில ஏறினது ஏறினதுதான்."

கடவுளே. இதே வார்த்தை, இதே குரல். கட்டணம் தப்பாக வந்துவிட்டது என்று அழுதுகொண்டு வரும் ஜனங்களிடம் நான் தினமும் சொல்வது. எத்தனை பேர் என் சன்னலில் இப்படி நின்றிருப்பார்கள்? நான் நிமிர்ந்து பார்த்தது கூடக் கிடையாது. ரயிலில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

ஆகஸ்ட் 17
அக்கா இனிப்புக்குச் சொல்லிவைத்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை முடிவு.

யோசிக்கிறேன் — கணினியின் தப்பு என்று சொல்லிவிட்டால் என்ன? யார் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது. என்ன மனுஷன்டா நீ ஃபிக்ரி?

ஆகஸ்ட் 18, வெள்ளி
சொல்லிவிட்டேன்.

காலை உணவு. அவித்த மொச்சையும் ஊறுகாயும். ரொட்டியைப் பிய்த்தேன். அப்படியே கொட்டிவிட்டேன் — எண், அஸ்வான், கெய்ரோ, எல்லாம். குரல் உடைந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளை முன்னால் நான் அழுதது இதுதான் முதல் தடவை. "ஆனைக்கும் அடி சறுக்கும்மா. உன் வாழ்க்கையில சறுக்கிட்டேன்" என்றேன்.

ரிஹாம் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக, "அப்பா, அப்ப என்ன முடிவு வந்தாலும் என்மேல கோபப்பட மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"உன்மேல எதுக்கும்மா கோபம்? இந்த ரொட்டி மேல ஆணை. எந்தக் கல்லூரி வந்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எது வந்தாலும் அங்கேயே படி."

இன்ஷிராஹ் மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் ரிஹாம் என் கையிலிருந்த ரொட்டியில் பாதியை வாங்கிச் சாப்பிட்டாள். நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஏன் அழவில்லை?

ஆகஸ்ட் 20
முடிவு வந்தது. அஸ்வான் இல்லை. மருந்தியலும் இல்லை.

நர்சிங். நம் ஊர் நர்சிங் கல்லூரி.

திரையை மூன்று முறை படித்தேன். "இதை நான் போடவே இல்லையே!"

"நான் போட்டேன்" என்றாள் ரிஹாம். நான் ஏற்றிய மறுநாளே பார்த்தாளாம். அஸ்வானைக் கண்டு குலை நடுங்கி, திருத்த உள்ளே போனாளாம். மருந்தியல் எண்ணை அடித்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அப்புறம் அழிச்சிட்டேன்ப்பா. கடையில நின்னு டப்பா எடுத்துக் குடுக்க எனக்குப் பிடிக்கல. நோயாளி பக்கத்துல நிக்கணும். எத்தனை தடவை சொல்ல வந்தேன்! அப்புறம் பேசலாம்னீங்க. அப்புறம் எப்ப?"

"இத்தனை நாள் நான் செத்துப் பிழைச்சேனேடி!"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்களும் வாயைத் திறக்கல. நானும் பயந்துக்கிட்டுத் திறக்கல."

இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு — ஊசி போட! அக்காவுக்கு என்ன சொல்வேன்? கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். இன்ஷிராஹ் சமையலறைக்குப் போய் ஒரு ரொட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

வாயை மூடிக்கொண்டேன். பொல்லாத பெண்கள்.

ஆகஸ்ட் 21
காலையில் மேசைக்கு வந்து உட்காருமுன்பே ஷஹாத்தா கேட்டான். "என்ன ஆச்சு உஸ்தாத்? அஸ்வான்தானா?"

"இல்லை. நம்ம ஊர். நர்சிங்."

பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "அடப்பாவமே. மறுபடியும் எண் மாறிடுச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஊரே எனக்காகப் பரிதாபப்படும். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லப்பா" என்றேன். "இந்தத் தடவை சரியாத்தான் போட்டிருக்கு. என் மக போட்டது."