மருமகள் கேட்கவில்லை

மார்ச் 3, ஞாயிறு

என் நாற்காலியை மறுபடி நகர்த்திவிட்டார்கள். இந்த முறை சமையலறை வாசலுக்கு. மருமகளோடு சேர்ந்து வாசிக்கும் மூவர் ஞாயிறுதோறும் எங்கள் முன்னறைக்கு வருகிறார்கள். முன்னறை பெரியதாக இருக்கிறதாம். அது பெரியது என்பதால்தான் இந்த வீட்டையே வாங்கினேன், நான் உட்கார.

முதல் வயலின் ஒரு பல் டாக்டர். இரண்டாவது அவர் தங்கை. தரையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ, பேக்கரிக்காரர். மருமகள் வைத்திருப்பது வியோலா. வயலின்தான், கொஞ்சம் வளர்ந்தது. இத்தனை வருடம் அதையும் வயலின் என்றே நினைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

முதல் பாகத்தில் எங்கோ தப்பு விட்டுவிட்டார்கள் போல, தொடக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார்கள். “பரவாயில்ல, ரெண்டாவது தடவை நல்லா வந்துச்சு” என்று ஆறுதல் சொன்னேன். நால்வரும் சிரித்தார்கள். இரண்டு தடவை வாசிக்க வேண்டும் என்று இசைத்தாளிலேயே எழுதியிருக்கிறதாம். ஒரு தடவை சொன்னால் புரியாதவர்களுக்காக இருக்கும்.

சாப்பிடும்போது மருமகள், “எப்படி இருந்தது மாமா?” என்றாள். உண்மையைச் சொன்னேன்.

“நீ கேட்கவே இல்லம்மா.”

“நான் எதைக் கேட்கலை? என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலை. நீ காதுல விழலைன்னேன். மத்த மூணு பேரும் விழுந்தாங்க.”

மகன் முறைத்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கருத்துக் கேட்டால் சொல்லத்தானே வேண்டும்?

மார்ச் 4

காபி வந்தது. ‘மாமா’ வரவில்லை.

மார்ச் 6, புதன்

மகன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

“ஏப்ரல்ல நூலக மண்டபத்துல கச்சேரி. இனிமே வாசிக்கலைங்கிறா. ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட சொல்லிட்டு வியோலாவையே மூட்டை கட்டிடப் போறாளாம். எல்லாம் உங்களாலதான்.”

“நான் என் காதைப் பத்திச் சொன்னேன்டா.”

“மன்னிப்புக் கேளுங்கப்பா.”

எதற்கு? கேட்காததைக் கேட்கவில்லை என்றேன். இதில் என்ன குற்றம்? நிரூபித்துக் காட்டுகிறேன், இருக்கட்டும்.

மார்ச் 7

நூலகத்துக்குப் போனேன். இசைப் பிரிவில் இருந்த பெண்ணிடம், “நாலு பேர் வாசிக்கிறது வேணும். அதுல வியோலா கேட்கக் கூடாது” என்றேன். அவள் ஆச்சரியமே படாமல் ஒரு இசைத்தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு யாரும் எதையும் கற்றுத் தந்ததில்லை. பேருந்து ஓட்ட நானே கற்றேன். நீச்சலும் அப்படித்தான். ஒரு முறை மூழ்கினேன், அது வேறு விஷயம்.

மார்ச் 9, சனி

நேற்றும் இன்றும் அதையே போட்டுக் கேட்டேன். மருமகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் வயலின் எல்லா ஊரிலும் பல் டாக்டர்தான் போலிருக்கிறது. மற்றவர்கள் வாயைத் திறந்ததும் தானே பேச ஆரம்பித்துவிடுகிறது. அடியில் செல்லோ உறுமுகிறது. நடுவில் ஏதோ ஒன்று, பல்லிடுக்கில் மாட்டிய மாதிரி. இருப்பது தெரிகிறது. எடுக்க வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மருமகள் பேச வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“ஒரு நிமிஷம். இவ சும்மா இருக்கட்டும், நீங்க மூணு பேர் மட்டும் வாசிங்க. ஒண்ணும் குறையாது, பாருங்க.”

“அப்பா!” என்றான் மகன்.

“சரி மாமா” என்றாள் அவள். வில்லை மடியில் வைத்துக்கொண்டாள்.

மெதுவான பாகம். மூவரும் வாசித்தார்கள். மெட்டு அப்படியே இருந்தது. பல் டாக்டர் ஒரு தப்பும் விடவில்லை. ஆனால் — எப்படி எழுதுவது — பேருந்தில் சீட்டு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, தரையை மட்டும் காணோம். காலை எங்கே வைப்பது? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போதும், போதும். அவளையும் சேத்துக்கங்க.”

சேர்ந்தாள். தரை வந்தது.

முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள். “என்ன மாமா, ஏதாவது குறைஞ்சுதா?”

“பேக்கரிக்காரர் சரியா வாசிக்கலை” என்றேன்.

 இசைத்தாளைத் திருப்பி, “அடுத்த பாகம் போலாமா?” என்று மற்றவர்களைக் கேட்டாள். வியோலாவை மூட்டை கட்டும் பேச்சே வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

நாற்காலியை நானே நகர்த்தினேன், வியோலாவுக்குப் பக்கத்தில். சமையலறை வாசலில் காற்று அடிக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

நூலக மண்டபத்தில் கச்சேரி. மூன்றாவது வரிசை. எனக்கு முன்னால் ஒரு பெரிய தலை.

முதல் பாகத்தை ஒரே தடவையோடு முடித்துக்கொண்டார்கள். நேரமாகிவிடுமாம். இரண்டு தடவை என்று எழுதியிருக்கிறது! இவர்கள் யார் தாண்டுவதற்கு? மெதுவான பாகத்தில் பேக்கரிக்காரர் செல்லோவைப் போட்டு மாவு பிசைந்தார்.

எல்லாரும் கைதட்டி முடித்ததும் மேடைக்குப் போனேன்.

“உங்க சத்தத்துல எங்க மருமக கேட்கவே இல்லை” என்றேன் பேக்கரிக்காரரிடம்.

“என்ன கேட்கலை பெரியவரே?”

விளக்கப் போனேன். “விடுங்க மாமா, எனக்குக் கேட்டுடுச்சு” என்றாள் மருமகள்.

மகன் கையை நீட்டினான். அவள் வியோலாப் பெட்டியை அவனிடம் தரவில்லை, என்னிடம் தந்தாள். வீடு வரை நான்தான் தூக்கி வந்தேன். பார்ப்பதைவிடக் கனம். யாரும் சொல்லவில்லை.