என் பலகை எங்கடா, சேகரு?

அக்கா பேச்சை ஒரு நாளும் கேட்காத என் செல்லத் தம்பிக்கு,

வீட்டைக் காலி பண்ணிவிட்டேன்டா. செமோரில் நாம் இருந்த வரிசை வீட்டின் சாவியை நேற்றுதான் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இப்போது சிம்பாங் பூலாயில் மகள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஏரோப்பிளேன் என்ன ஆச்சு என்று அங்கே நீ பதறிக்கொண்டிருப்பாய். பொறு, வரிசையாகத்தான் சொல்வேன்.

இதை நாலு பேர் படிப்பார்கள். நீ யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஈப்போவில் பாதி வீடுகளுக்கு அலுமினியச் சன்னல் பொருத்தியவன் நீ. தைப்பூசம் வந்தால் காவடிச் சட்டமும் கட்டிக் கொடுப்பாய். மற்ற நேரமெல்லாம் வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றின் உடம்பைச் செய்துகொண்டிருந்தாய். இறக்கை இல்லை, இஞ்சின் இல்லை. மூக்கிலிருந்து வால் வரைக்கும் வெறும் உடம்பு. அதனால் நம் கார் வருஷக்கணக்கில் மழையில் நனைந்தது.

உனக்கு இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது நம்மையெல்லாம் லோரியில் ஏற்றி ஈப்போ விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார்களே, ஞாபகம் இருக்கா? துரையைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். அழ வேண்டும் என்று கங்காணி முன்கூட்டியே சொல்லியிருந்தார். நீ மட்டும் அந்தப் பக்கமே திரும்பாமல், "அக்கா, அங்க பாரு, ஒடம்பெல்லாம் ஆணி" என்றாய். அப்பா உன் தலையைப் பிடித்துத் துரை பக்கம் திருப்பிவிட்டார். விட்டதும் மறுபடி விமானத்தைப் பார்த்தாய்.

தோட்டத்தில் நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது பெரிய கிடங்கு நிற்கிறது. அதற்காக நான் ஏங்கவில்லை. நான் ஏங்குவது அந்தச் சாயங்காலங்களுக்குத்தான். நீ தகட்டில் துளை போடுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பேன். ரேடியோவில் பழைய பாட்டு ஓடும். "அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் புடிலா" என்பாய். நெத்திலிக் கையோடு தொடாதே என்று நீயே கத்துவாய். கை கழுவி வந்து பிடிப்பேன். ஆணி இறங்குகிறபோது 'டக்'கென்று ஒரு சத்தம் வருமே, இப்போதும் மகள் வீட்டில் யாராவது சுவிட்சைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறேன். நீ இல்லைதான், தெரிகிறது. இருந்தாலும் திரும்புகிறேன்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து கீழே போட்டு, "உக்காருக்கா" என்றாய். உட்கார்ந்ததும் பேனாவால் என் இரண்டு பக்கமும் கோடு இழுத்தாய்.

"என்னாடா பண்ற?"

"ஒனக்கு வசதியா ஒன்னு செய்யப் போறேன்."

"கொஞ்சம் தள்ளியே கோடு போடு. இன்னும் பெருக்க மாட்டேன்னு என்னா நிச்சயம்?"

என் முட்டிவலிக்கு உயரமாக உட்கார ஒரு பலகை செய்கிறாய் என்று நினைத்து அன்றைக்கு மீன்தலைக் கறி வைத்தேன். பலகை வரவே இல்லை. எங்கடா என்று கேட்டால், "வருது வருது" என்பாய். பலகை வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நீ போன அன்றைக்கு வீட்டுக்குள் ஒரு உடம்பு, வெளியே ஒரு உடம்பு. துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் அதைச் சுற்றி நின்றார்கள். ஓரமாகத் தள்ளலாமா என்று யாரோ கேட்டார்கள். கை வைத்தால் தெரியும் என்றேன். அப்போதுதான் எதிர்வீட்டுச் செல்லம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரதத்த முடிக்காமப் போயிட்டாரே, வேண்டுதல் பாக்கி நின்னுடுச்சே" என்று அழுதாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரதமா? பிறகுதான் விளங்கியது. காவடி கட்டுகிற ஆள் வீட்டு முன்னால், வளைவு வளைவாக ஒரு சட்டம், அடியில் சக்கரம். முதுகில் கொக்கி மாட்டி இழுக்கிற ரதக் காவடி என்றே நம் தாமான் குடியிருப்பு முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது! செல்லம்மா ஒரு கட்டு மயிலிறகு கொடுத்தபோது நீ ஏன் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டாய் என்பதும் அப்போதுதான் புரிந்தது. "எந்த வருசம் எடுக்கிறீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "முருகன் விட்டா அடுத்த வருசம்" என்று சொன்னாயாமே, திருட்டுப்பயலே.

வாடகை வீட்டில் நான் தனியாக எத்தனை நாள் இருப்பது? மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டை விடுவது என்று ஆனதும் உன் பிளேன்தான் நெஞ்சில் வந்து நின்றது. பழைய இரும்பு வாங்குகிறவன் வந்து பார்த்துவிட்டு, நாலு துண்டாக வெட்டினால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அவனுக்குக் கேட்டைக் காட்டினேன்.

உன் கூட்டாளி ஆ கியோங்குக்குப் போன் பண்ணினேன். பாரிட் புந்தாரில் வயல் ஓரமாகக் கொட்டகை போட்டு, சொந்தமாக ஒரு பிளேன் கட்டி முடித்தவர் அவர்தானே. மறுநாளே வந்தார். உன் பிளேன் உடம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"நான் கொண்டுபோய் முடிக்கிறேன் அக்கா. இறக்கை போட்டு, இஞ்சின் வைச்சு, பெர்மிட் எடுக்க நாளாகும், ஆனா முடிக்கிறேன். ஒன்னுதான். முழுசா வரணும். பொத்தோங் பண்ணினா ஹாபிஸ்லா."

வெட்டினால் அதோடு கதை முடிந்தது. ஆனால் முழுசாக எப்படி வரும்? கேட்டைத் தாண்டினால் குறுகலான சந்து. வால் திரும்பாது. சுவருக்கு மேலே தூக்கினால்தான் உண்டு, மேலே கரண்டுக் கம்பி இருப்பதால் கிரேன் வைக்க முடியாது. ஆள்தான் தூக்க வேண்டும். ஆளுக்கு எங்கே போவேன்? தாமான் பையன்களைக் கேட்கலாம். ஆனால் முருகன் ரதத்தைத் தூக்க வருகிறவர்களிடம் இது பிளேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் தூக்கச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

சொல்லிவிட்டேன்டா. நீ கடைசியாகக் காவடி கட்டிக்கொடுத்த பாலன், அவன் கூட்டாளிகள், செல்லம்மா, எல்லாரும் நிற்கும்போதே சொன்னேன். "இது ரதம் இல்ல. என் தம்பி செஞ்ச ஏரோப்பிளேன்."

செல்லம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் மெதுவாகப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஓட்டுகிறவன் சீட்டுக்கு முன்னால் அவள் கொடுத்த மயிலிறகில் ஒன்றை நீ செருகி வைத்திருந்தாய்.

"அலாமாக்! பறக்கறதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னும் ரெண்டு கட்டு குடுத்திருப்பேனே," என்றாள். "முருகன் மட்டும் என்னா, நடந்தா போறாரு? தூக்குங்கடா!"

முன்பக்கச் சுவருக்கு மேலே இருந்த இரும்புக் கிரில்லைக் கழற்றினார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் வெல்டிங் வைத்திருக்கிறாய், நம் வீட்டில் மட்டும் ஸ்குரு. வெளியே எடுக்கப்போகிற நாளை அப்போதே நினைத்திருக்கிறாய் இல்லையா?

ஆ கியோங் "பெலான், பெலான், மெதுவா" என்று கத்திக்கொண்டே முன்னும் பின்னும் ஓடினார். "பயப்படாதீங்க அங்கிள், நாங்க காவடி தூக்கறவங்க, எங்கயும் இடிக்க மாட்டோம்லா," என்றான் பாலன். தோளுக்குத் துண்டு வைத்துக்கொண்டு எல்லாரும் ஒன்றாக மூச்சைப் பிடித்தார்கள். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, "வேல் வேல்" என்று சத்தம் எழும்பியது. உன் பிளேன் சுவருக்கு மேலே போய், மெதுவாக வாலைத் திருப்பி, சந்தில் தலைகளுக்கு மேலே போனது. நான் செருப்பு போடாமலே பின்னால் ஓடினேன். சேகரு, அந்த நேரம் நீ இருந்திருக்கக் கூடாதா? ஏன்டா இல்லாமல் போனாய்?

லோரியோடு நானும் பாரிட் புந்தாருக்குப் போனேன். கொட்டகையில் இறக்கி வைத்ததும் ஆ கியோங் அளவு நாடாவோடு உள்ளே குனிந்தார். குனிந்தவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, பிளான்ல ரெண்டு சீட்டும் ஒரே சைஸ். சேகர் ஏன் ஒன்ன மட்டும் பெருசா செஞ்சான்? வேலை பிழையா? நான் மாத்திடவா?"

எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிறவன் பக்கத்துச் சீட்டின் அடியில் ஒரு பலகை. அதன் இரண்டு பக்கமும் பேனாக் கோடு.

ஒரு பெட்டியை வைத்து ஏறி உள்ளே உட்கார்ந்தேன். இடிக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை. கோடு கொஞ்சம் தள்ளித்தான் போட்டிருக்கிறாய். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், ஆ கியோங் பாவம், தண்ணீர் எடுக்க ஓடினார்.

"மாத்தாதீங்க," என்று மட்டும் சொன்னேன்.

லிஃப்டில் ஏறப் பயந்து படியேறுகிறவள் நான், உனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள். அது பறக்கிற அன்றைக்கு என் சீட்டில் நான்தான் உட்காருவேன். கண்ணை மூட மாட்டேன். உன் பெயரைச் சொல்லிக் கத்துவேன், காதைப் பொத்திக்கொள்ளாதே.

பலகை கைக்கு வந்துவிட்ட,
உன் அக்கா
ராஜம்