முதுகுக்கு ஜெபிக்கிறார்கள்

ஜூன் 18, புதன்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. தென்காசிக்குத் திரும்பி வந்து பதினோரு நாள். செய்ய வேண்டியவை: நூலகப் புத்தகங்களைத் திருப்பி அனுப்புவது, ஆய்வு நெறியாளருக்குக் கடிதம், முடி வெட்டுவது. செய்தது: முடி.

சென்னையில் நடந்ததை ஒரு முறை எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மாட்டேன். பல்கலைக்கழகக் கருத்தரங்கு, என் கட்டுரை, மூன்றாம் பக்கம். மூச்சு நின்றது. செத்துவிட்டேன் என்று நினைத்தேன். சாகவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. பேருந்தில், குளியலறையில். டாக்டர் சொன்னது: பதற்றம். மாத்திரை, ஓய்வு.

அம்மா சபையில் சொல்லியிருப்பது: முதுகுவலி.

ஏன் என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "முதுகுன்னா நாளைக்கே சரியாயிட்டுன்னு சொல்லிக்கிடலாம். மனசுன்னா பொண்ணு பாக்க வாறவன் பஸ் ஸ்டாண்டோட திரும்பிருவான்."

ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஒன்பது பேர், சுண்டல், காபி. தலைமை டெய்சி அத்தை. உறவில்லை, சபை முழுவதற்கும் அத்தை. ஓய்வு பெற்ற நர்ஸ். ஏழு வருடமாக ஜெபக் குறிப்பின் முதல் வரி அவருடைய முழங்கால். இந்த வாரம் இரண்டாம் வரி என் முதுகு.

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில், சத்தமாக. அத்தை நர்ஸ் என்பதால் எலும்பை எண்ணோடு ஒப்படைத்தார்: "ஆண்டவரே, எல் ஃபோருக்கும் எல் ஃபைவுக்கும் நடுவுல இருக்க டிஸ்க்கைத் தொடும்." வலிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள மறந்துபோனேன். ஞாபகம் வந்ததும் வைத்துக்கொண்டேன்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகில் நாலைந்து கைகள். ஒன்றில் பூண்டு வாசனை. அவற்றின் எடை, சூடு.

எனக்குள் சொன்னது: ஆண்டவரே, முதுகு என்று வருவதையெல்லாம் மூச்சு என்று வாசித்துக்கொள்ளும்.

ஜூன் 21, சனி

ஏழு மணி நேரத் தூக்கம். காரணம் மாத்திரையாக இருக்கலாம், ஜெபமாக இருக்கலாம், சுண்டலாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க வழியில்லை.

முதுகுக்காக இதுவரை வந்தவை: தைலம் மூன்று வகை, இடுப்பு பெல்ட் (யாரோ போட்டது), ஒரு மரப்பலகை. யாராவது வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா பலகையில் படுக்கச் சொன்னாள். படுத்தேன்.

இப்போது நிஜமாகவே முதுகு வலிக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

டெ. அத்தை ஆட்டோவோடு வந்து நின்றார். ஐந்தருவி. தண்ணீர் விழுகிற வேகத்தில் எந்த முதுகும் நேராகிவிடுமாம். எண்ணெய் அவரே தேய்த்துவிட்டார். பெண்கள் பக்கம் சரியான கூட்டம். பெண் போலீஸ் விசில் ஊதி, நின்றவர்களை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

தலையை உள்ளே கொடுத்ததும் அது வந்தது. அதே பயம். ஓடப் பார்த்தேன். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள், வழியில்லை. அத்தை கையை விடவில்லை. கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை, எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் அத்தையும் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். ஜெபமா, குளிரா, தெரியவில்லை. கத்திக் காற்றெல்லாம் தீர்ந்த பிறகு மூச்சு தானாக உள்ளே போனது. அடிவயிறு வரை. மூன்று மாதத்தில் முதல் முழு மூச்சு.

வெளியே வந்ததும் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏட்டி, நிமிந்துட்டியே."

மிளகாய் பஜ்ஜி. ஆட்டோவுக்குத் திரும்பும்போது படிகளில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினார். முழங்காலைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

சபை வாட்ஸ்அப்: கிருபாவுக்குப் பூரண சுகம். வரிசையாகக் கைகூப்பும் படங்கள். மதியம் போதகர் போன். ஞாயிறு ஆராதனையில் சுகமானதைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் போதும்.

மைக். எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாம் பக்கம். அதோடு பலிபீடத்துக்கு முன்னால் பொய்.

அம்மா: "முதுகு நல்லாருக்கு, ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு உக்காந்துரு. அது பொய்யா? நல்லாத்தான இருக்கு?"

ஐந்து வருடம் தத்துவம் படித்திருக்கிறேன். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் 28, சனி

சாட்சி எழுதிப் பார்த்தேன். அடிக்குறிப்பு இரண்டு வந்துவிட்டது. கிழித்தேன். காய்ச்சல் என்று சொல்லலாம். சொன்னால் காய்ச்சலுக்கும் ஜெபிப்பார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

எழுந்து போனேன். முதல் வாக்கியம் சரி. இரண்டாவதில் மூச்சு நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும். முதுகு பிடித்துக்கொண்டது என்று நினைத்து டெ. அத்தை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"முதுகு இல்ல அத்தை. முதுகு எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குப் பயம். மூச்சு முட்டும். நீங்க ஜெபிச்சதெல்லாம் அங்கனதான் போய்ச் சேந்துச்சு."

மைக் கையில் இருந்தது ஞாபகமில்லை. கடைசி பெஞ்ச் வரை கேட்டிருக்கிறது. அம்மா பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினாள். போதகர் ஆமென் சொன்னார், கொஞ்சம் தாமதமாக.

சாகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்து செருப்பு தேடும்போது டெ. அத்தை பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி: "எனக்கும் முழங்கால் நல்லாத்தான் இருக்கு." நான் நிமிர்ந்து பார்த்தேன். "எம்மவன் சாம் துபாய்ல இருக்காம்லா. அவன் கல்யாணத்துக்கு நான் போவல. ஏழு வருசமா பேசமாட்டேங்கான். அத எப்படிட்டி ஜெபக் குறிப்புல போட?"

யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். வந்ததும் மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், சாரல் விட்டிருந்த நேரம் பார்த்து அதன்மேல் வடகம் காயப்போட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

புதன்கிழமை கடையம் பேருந்தில் ஒரு தடவை வந்தது. நான்கு நிமிடம். யாருடைய கையோ முதுகில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். போய்விட்டது.

இன்று மறுபடி ஜெபக்கூட்டம். குறிப்பில் இரண்டாம் வரி மாறியிருக்கிறது: கிருபா, மூச்சு. அம்மாவின் கையெழுத்து. 'மூ'வை அழுத்தி எழுதியிருக்கிறாள்.

முதல் வரி மாறவில்லை. எல்லோரோடும் சேர்ந்து நானும் முழங்காலுக்காகச் சத்தமாக ஜெபித்தேன். அத்தை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

வெயில். துணி காய்ந்தது. நெறியாளருக்குக் கடிதம் போய்விட்டது.

காய்கறிக் கடையில் டெ. அத்தை. வெண்டைக்காய் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் முறைத்துக்கொண்டிருந்தார். அத்தை என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"முழங்கால் நேத்து போன் பண்ணுச்சு. ரெண்டு நிமிசம்."

என்ன சொல்லுச்சு என்றேன்.

"சாப்ட்டியான்னு கேட்டுச்சு."

ஒடித்ததையெல்லாம் வாங்கினார். இரண்டு கிலோ.