பங்குக் கிணற்றடியில் வதனி கேட்ட கேள்வி

என் செல்லத் தங்கச்சி பூமணிக்கு,

மேலே சாப்பாடு எப்படி? நீ போனபிறகு அளவெட்டியில் உப்புக்கே ருசி போய்விட்டது, கடலைக் கூப்பிட்டு விசாரித்தோம் என்று சொன்னால் நீ நம்பவா போகிறாய்? சரி, இன்று ஒரு மெய்ச் செய்தி. உன் மகள் வதனி அந்தக் கிறிஸ்தவச் சபையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

கடைசி நாளில் என் கையைப் பிடித்து, "அண்ணை, என்ரை பிள்ளையை அதுக்குள்ளை இருந்து கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாயே. உன் செத்தவீட்டன்று அவள் படலைக்கு வெளியே தெருவில் நின்றாள். தேவாரம் பாடுகிற வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது சபைக் கட்டளை. நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதன்பிறகு நான் உடுவிலில் அவள் வீட்டுக்குப் படையெடுத்தேன். நான் பேசிய பேச்சில் அவள் வளவு மாமரம் பூக்க மறந்தது. காகங்கள் சுன்னாகத்துக்குக் குடிபெயர்ந்தன. வதனி மட்டும் அசையவில்லை. தேத்தண்ணி தந்துவிட்டு ஒருநாள் கேட்டாள்:

"மாமா, என்ரை மனுசன் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நீங்கள் எல்லாரும் விசுக்கோத்தோடை வந்தனீங்கள். என்ரை முத்தத்தைக் கூட்டினது ஆர்?"

"ஆர்?"

"பக்கத்து வளவுச் சாந்தியக்கா. சபைக்காரி. அவர் கண் மூடும்வரைக்கும் கூட்டினவ, சமைச்சும் தந்தவ. அதுக்குப் பிறகுதான் நான் அங்கை போனனான். உங்கடை தேவாரம் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்ததோ?"

வலிகாமத்திலேயே நீளமான நாக்குக்காரன் நான், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீடு திரும்பினேன். பயத்தில் கிடக்கிறாள், யாரோ மயக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஊர் சொன்னது. அவளோ, தன் முற்றத்தைக் கூட்டியவர்களோடு இருந்தாள்.

பிறகு நடந்ததைக் கேள். சாந்தி தன் அண்ணன் மகளின் கலியாணத்துக்குக் கோயிலுக்குப் போய்வந்தாள். போதகர் அவளைச் சபையிலிருந்து விலக்கி, ஒருவரும் அவளோடு கதைக்கக்கூடாது என்றார். ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே பங்குக் கிணறு. காணி உறுதியில் எழுதிய பங்கைப் போதகரால் விலக்க முடியுமா? காலையும் மாலையும் இருவரும் அதே கிணற்றுக்கட்டில் நின்று, அதே கப்பியில் மாறி மாறித் தண்ணீர் அள்ளினார்கள். ஒரு சொல் இல்லை. மாரி வந்து போனது. வதனி கீழ்ப்படிந்தாள்.

போன மாதம் ஒரு காலை, புதுப் பேச்சொன்றைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் மாமரத்தடியில் இருந்தேன். சாந்தி நொண்டி நொண்டிக் கிணற்றடிக்கு வந்தாள். வதனி தன் குடத்தைக் கீழே வைத்தாள்.

"சாந்தியக்கா, உங்கடை கால் ஏன் வீங்கியிருக்கு?"

அவ்வளவுதான், பூமணி. சாந்தியின் கையிலிருந்து கயிறு நழுவி, வாளி கிணற்றுக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் கீரிமலைக் கடலைத் தாண்டியிருக்கும்.

"கதையாதை பிள்ளை. ஆரும் கண்டால் சொல்லிப்போடுவினம்."

"சொல்லட்டும். காலைக் காட்டுங்கோ."

வதனி அவள் முன்னால் குந்தினாள். என் பேச்சு எனக்கே மறந்துபோயிற்று. போரில் செல் குண்டு விழுந்த ஊரில் வாழ்ந்தவன் நான். துணிச்சலைக் கண்டவன் என்று நினைத்திருந்தேன். ஒரு கால் வீக்கத்தை விசாரிக்க இவ்வளவு துணிச்சல் வேண்டுமா? தனக்கிருந்த அத்தனை உறவையும் கையில் எடுத்து அந்தக் கேள்விக்குள் வைத்தாளே.

பின்னேரம் போதகர் வந்தார். "தங்கச்சி, உந்தச் சாந்தியோடை கதைச்சனீங்களோ?"

"ஓம், கதைச்சனான். நாளைக்கும் கதைப்பன்."

மறுநாள் முதல், அவளைச் சகோதரி என்று அழைத்தவர்கள் ஒழுங்கையில் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் சும்மா இருப்பேனா? "அப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாறியோ?" என்று கேட்டேன்.

"ஒரு வீட்டாலை வெளிக்கிட்டவளை உடனை இன்னொரு வீட்டுக்குள்ளை தள்ளாதேங்கோ மாமா. நான் இன்னும் செபம் பண்ணுறனான்."

ஆக, நீ கேட்டபடி நான் கூட்டிவரவில்லை. அவளே வந்தாள், நம்மிடமும் வரவில்லை. உனக்குக் கோபமா?

ஞாயிறு காலைதான் பொல்லாதது. சபை மண்டபம் ஒழுங்கை முடிவில். பாட்டு வதனி வீடுவரை கேட்கும். முதல் ஞாயிறு அவள் உதடு அந்தப் பாட்டோடு அசைந்ததைக் கண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, ஏதாவது புளுகுங்கோ" என்றாள். பாட்டு முடியும்வரை புளுகினேன்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் போவேன், தங்கச்சி. கோயில் கதை எடுக்கமாட்டேன். என்றாவது அவளுக்கு அந்தப் பாட்டைத் தன் வீட்டிலிருந்தே வாய்விட்டுப் பாடவேண்டும் போலிருந்தால், அன்று நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.

உன் புளுகுணி அண்ணன்,
வதனியின் ஒரே தாய்மாமன்.